டார்ச்சில் எரிந்த பேட்டரி

1997, விஜயதசமி. காலை 9.40.

கோவையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. மூச்சுக்குழல் வீங்கிய மூன்று வயது லோகப்பிரியாவின் உதடுகள் நீலம் பாரித்துக்கொண்டிருந்தன. சுவாசக் குழாய் இறக்க, மயக்க மருத்துவர் ரங்கம்மாள் தொண்டைக்குள் பார்க்கும் கருவியை விரித்தார். அதன் விளக்கு எரியவில்லை.

நர்ஸ் யாஸ்மின் பதறவில்லை. முகமூடியை வைத்து, காற்றுப்பையை அமுக்கி, அறுவை அரங்கிலிருந்து வேறு கருவி வரும்வரை நான்கு நிமிடம் குழந்தைக்கு மூச்சுக் கொடுத்தாள். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை ரங்கம்மாள் சந்நிதியில் நிற்பவரைப் போலப் பார்த்தார்.

10.30. குழந்தை பிழைத்தது. கருவியைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த யாஸ்மினின் வேலை பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை.

“நல்ல பேட்டரியை ஊட்டு ரேடியோவுக்குக் கொண்டு போயிருப்பாங்க,” என்றார் நிர்வாகி மயில்சாமி. “பன்னெண்டு மணிக்கு வேலைய உட்டு நிறுத்தற ஆர்டர் குடுத்துருவனுங்க, டாக்டரம்மா.”

“பன்னெண்டு ஆகறதுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களே.”

ரங்கம்மாள் கருவியின் பேட்டரிகளை ஒரு டார்ச்சில் போட்டார். பளிச்சென்று எரிந்தது. நாக்கை அழுத்தும் பிளேடை அறுவை அரங்கிலிருந்து வந்த கருவியின் கைப்பிடியில் மாட்டினார். அதன் பல்பும் எரிந்தது. தனித்தனியே எல்லாம் சரி, சேர்ந்தால் இருட்டு.

“கடைசியா எப்ப எரிஞ்சுது, யாஸ்மின்?”

“திங்கக்கிழமைங்க. லிஸ்டுல எழுதியிருக்கேன்.”

“அப்புறம் யாரு தொட்டது?”

“மயிலாத்தாக்கா தொடச்சு வெச்சாங்க.”

துப்புரவுப் பணியாளர் மயிலாத்தாளை அழைத்தார்கள்.

“எப்பத் தொடச்சீங்க?”

“இன்னிக்குக் காலையிலீங்க. ஈரத்துணியில.”

“எதுக்குத் தொடச்சீங்க?”

“நேத்துப் பூசைக்கு எல்லாச் சாமானத்துக்கும் சந்தனம் வெச்சனுங்க. இது புள்ளைக வாய்க்குள்ள போறதுங்களா, பிளேடுல வெக்க மனசு வரலீங்க. அதைக் கழட்டிப்போட்டு, கைப்பிடியோட தலையில மட்டும் ஒரு பொட்டு வெச்சேன்.”

ரங்கம்மாள் கைப்பிடியின் தலையில், பிளேடு வந்து தொடும் குழிவான உலோகப் புள்ளியை ஊசியால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. பேட்டரிகளைப் போட்டு, பிளேடை மாட்டி விரித்தார். விளக்கு எரிந்தது.

“கரண்ட்டு பல்புக்குப் போற வழியே இந்தப் புள்ளிதானுங்க. துணி மேலாகத் தொடச்சுது. குழியில காஞ்ச சந்தனம் வழியை அடைச்சுப்போட்டுது.”

“அப்பக் குத்தவாளி மயிலாத்தாதானுங்களா?”

ரங்கம்மாள் கருவிச் சோதனை லிஸ்டை எடுத்து மயில்சாமியிடம் நீட்டினார்.

“புள்ளைகளை நெனச்சுப் பார்த்துப் பார்த்துச் செஞ்சவங்க அவங்க. வாரத்துக்கு ஒருக்கா எரிச்சுப் பார்த்தாப் போதும்னு எழுதினது யாருன்னு லிஸ்டுக்குக் கீழ பாருங்க. தெனமும் பார்த்திருந்தாக் காலையிலயே தெரிஞ்சிருக்கும்.”

மயில்சாமி பார்த்தார். ரங்கம்மாளின் கையெழுத்து.

“ஆர்டர்ல பேரை மாத்திக்குங்க.”

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “உங்களுக்கு ஆர்டர் குடுத்தா, சாயங்காலமே மேலிடத்துல இருந்து எனக்கும் ஒண்ணு வந்துருமுங்க.”

பிற்பகல் 2.00. ஷிப்ட் மாறும்போதெல்லாம் எரித்துப் பார்க்க வேண்டும் என்ற புதிய லிஸ்ட் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. யாஸ்மின் கருவியை விரித்தாள். வெளிச்சம் வந்ததும் மயிலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் லோகப்பிரியா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.