சுரண்டச் சுரண்டக் கரி

சற்றுமுன் சுரண்டித் துடைத்து வைத்த துப்பாக்கி ரவைக் கோதில் மறுபடியும் கரி இருந்தது.

சுலக்சன் அதை எடுத்து விளக்கடியில் பிடித்தான். பேஸ்மென்டின் மூலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் குபுக்கென்று பற்றிக்கொண்டது. மேலே கதவு திறந்து மூடும் சத்தமும் ஆட்டுக்கறி மணமும் படிவழியே இறங்கி வந்தன. அந்த மணத்துக்கும் அடியில், இப்போதுதான் வெடித்த மருந்தின் காந்தல். ஆமிக்காரர் எந்தக் காலத்திலோ சுட்டுக் கழித்த வெற்றுக் கோது அது. அதில் இந்த மணம் வர நியாயமில்லை. துடைக்க மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கோதின் அடியில், மருந்துக்குப் பொறி கொடுக்கும் பிரைமர் உட்காரும் சிறு குழிக்குள் சுரண்டியை விட்டுத் திருகினான். கறுப்புத் தூள் உதிர்ந்தது. குழி மேலே தெரியும்படி மற்ற நாற்பத்தொன்பதோடு அதையும் தட்டில் நிறுத்தினான்.

ஆமிக் கோதுகளில் பிரைமர் கழன்று விழாதபடி குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள். அந்த நசுங்கலைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது முழுதாக இறங்காது. மயிரிழை துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் தடவினால் தெரிந்துவிடும். சுலக்சனும் அன்று தடவித்தான் பார்த்தான், குளிருக்கு வெடித்த விரலில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு. மான் சீசன் தொடங்குகிற அவசரத்தில் சீவாமலே அழுத்தியிருந்தான். அவன் மருந்தடைத்துக் கட்டிக் கொடுத்த ரவை, வேட்டைக்குக் கூட வந்த நண்பன் அல்பேட்டின் துவக்குப் பூட்டு முழுதாக மூடுமுன்னமே வெடித்தது. பின்பக்கமாக. வலது கண்ணுக்குள்ளால்.

"அவனே கட்டின ரவை" என்று பொலிசுக்குச் சொன்னான். செத்தவீட்டிலும் அதையே சொன்னான். அன்று தொடக்கம் வேலையால் வந்ததும் கீழே இறங்கி, மிச்சக் கோதுகளைச் சீவிச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அது அவனுக்கே தெரியும், வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

படியில் காலடி. அல்பேட்டின் மனைவி நிலாணி, கையில் சாப்பாட்டுப் பார்சலோடு.

"முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கும் வரேல்லை, சாப்பாட்டுக்கும் வரேல்லை. அதுதான் அண்ணை, கொண்டு வந்தனான்."

"வேலை, நிலாணி."

தட்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான். முதுகில் சூடு பட்டது.

"அவரின்ரை கவனயீனம் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். பிள்ளையளும் அப்பாவின்ரை படத்தைப் பாக்குதுகள் இல்லை. கோபம். நீங்கள்தானே அண்ணை பக்கத்திலை நிண்டனீங்கள். மெய்யாவே அவரின்ரை பிழைதானோ?"

இப்போது சொல்லலாம். ஒரே ஒரு வசனம். பாவி, அது தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு பொலிஸ், கோட்டு வழக்கு, தன் பிள்ளைகளின் முகம் எல்லாம் முன்னால் வந்து நின்றன.

"ஓம், நிலாணி. அவன்ரை பிழைதான்."

அவள் தலையாட்டினாள். "அப்ப சரி அண்ணை. பிள்ளையளுக்கும் அப்பிடியே சொல்லுறன்." பார்சலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு ஏறிப் போனாள்.

ஃபேர்னஸ் நின்றது.

காந்தல் மணம் நிற்கவில்லை.

திரும்பினான். ஐம்பது கோதுகள். ஐம்பது குழியிலும் கரி. காய்ந்த தூள் அல்ல. ஈரம்.

ஒன்றை எடுத்தான். கை சுட்டது. சுரண்டியை விட்டான். பித்தளையில் உரசவில்லை. மெத்தென்று அமிழ்ந்தது. வெளியே இழுத்தான். நுனியில் சிவப்பு.

கோதைத் திருப்பி, வாயை விளக்குக்குக் காட்டி, குழி வழியே பார்த்தான். குழியின் நடுவே ஊசித்துளை, அதில் வெளிச்சம். வெளிச்சம் மறைந்தது. வந்தது. மறைந்தது. இமைப்பதுபோல.

கோது கைநழுவி விழுந்தது. "நிலாணி" என்று கூப்பிட வாயைத் திறந்தான். மேலே வாசற்கதவு சாத்திக்கொண்டது.

தட்டில் நாற்பத்தொன்பதும் மெல்லத் திறந்தன. ஈரமாக. பழுப்பாக. எல்லாம் அவனையே பார்த்தன.