செம்புத் தகடு

ஜன்னலோரக் கைப்பிடியைத் தொட்டதும் பெர்சிஸின் விரல் நுனியில் சுரீரென்று கடித்தது. ஒரு சின்ன நீலப் பொறி. பாலைவனத்து வறண்ட காற்றில், குளிரூட்டிய பேருந்தில் இது நடப்பதுதான். சலாலா மருத்துவமனையில் கட்டில் விளிம்பைத் தொடும்போதெல்லாம் உடன் வேலை பார்க்கும் நர்சுகள் கையை உதறிக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் இந்தப் பொறிக்குப் பின்னால் ஒரு வாசனையும் வந்தது. கந்தகமும் கரியும் வியர்வையும் கலந்த வாசனை. சொந்த ஊர் திருத்தங்கலில், சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்களோடு தெருவுக்குள் வருமே, அது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் தங்கை ஜெபராணியின் தலைமுடியிலிருந்து போகாதது.

பக்கத்து இருக்கையில் பெர்சிஸின் பைதான் இருந்தது.

மஸ்கட் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். பேருந்து பகல் முழுக்க மணலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. முந்தின நாள் ஜெபராணியின் கணவன் சாலமன்ராஜ் கூப்பிட்டிருந்தான்.

"கம்பெனில ஒரு விபத்து மதினி. கொஞ்சம் தீக்காயம். மதுரை ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். பொறப்பட்டு வாங்க."

"எத்தன சதவீதம்னு டாக்டர் சொன்னாரா தம்பி?"

"அதெல்லாம் தெரியல மதினி. நீங்க வாங்க."

தீக்காயம் பட்டவர்களின் உறவினர்களிடம் அவளும் இதே குரலில் பேசியிருக்கிறாள். அதனால் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும் வரை ஜெபராணி உயிரோடு இருந்தாள்.

கேட்காத இன்னொரு கேள்வியும் இருந்தது.

வேலை நாளில் பட்டாசுக் கம்பெனியில் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும்; நைலான் உரசினால் பொறி வரும். வாசலில் செருப்பைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் கால் நனைத்து, சுவரில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்ட பிறகே வெடிமருந்து அறைக்குள் போவார்கள். ஆயுத பூஜையன்று மட்டும் யாரும் மருந்தைத் தொடுவதில்லை. பொரிகடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நாள். அன்றைக்குத்தான் புதுச் சேலை கட்டுவார்கள்.

முந்தின நாள்தான் ஆயுத பூஜை; காலையில் கைபேசியில் ஜெபராணியின் குரல் பதிவு வந்தது. "அக்கா, நீ குடுத்துவிட்ட நீல நைலான் சேலதான் கட்டிருக்கேன். தொட்டாலே சடசடங்குது. பாண்டிலட்சுமி அக்கா என்னையக் கலெக்டரம்மாங்குது. வேன சூலக்கரை கலெக்டர் ஆபீசுல நிப்பாட்டவான்னு கேலி பண்ணுது. இன்னிக்கி வேலை இல்லக்கா, பூசதான்."

பெர்சிஸ் பதில் அனுப்பினாள்: "நாள் பூரா கட்டியிருடீ. போட்டோ அனுப்பு."

போட்டோ வரவில்லை.

வழியில் ஹைமா என்ற ஊரில் பேருந்து நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. முன்வரிசையில் வந்துகொண்டிருந்த செல்லச்சாமி, சாத்தூர்க்காரர், சலாலாவில் ஓட்டல் வேலை, மூன்று தேநீர்க் கோப்பைகளோடு திரும்பி வந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணு தாயி, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு. டீன்னு நெனச்சுக் குடிச்சிராதீக, பாயாசம் மாதிரி இருக்கும்."

"எந்தப் பிள்ளை அண்ணாச்சி?"

"ஒங்க பக்கத்துல வருதுல்ல, நீலச் சேல. முக்காடு போட்டு வெளிய வெறுங்காலோட நிக்கிது. தரை கொதிக்கும், செருப்பப் போடு தாயின்னேன். கம்பெனிக்குள்ள செருப்பு போடக் கூடாதுண்ணாச்சின்னு சொல்லுது. இந்தப் பொட்டக்காட்டுல எந்தக் கம்பெனி தாயி?"

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவள் மடியில் இரண்டு கோப்பைகளும் ஆறிக்கொண்டிருந்தன.

பை கீழே கிடந்தது. அவள் அதை எடுத்துக் கீழே வைக்கவில்லை. நடைவழியில் ஈரமான காலடித் தடங்கள், கதவிலிருந்து அவளுடைய வரிசை வரை. ஒவ்வொரு தடத்தின் ஓரத்திலும் பட்டாசு மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூள் வெள்ளியாக மினுங்கியது. திரும்பிப் போகும் தடம் இல்லை.

சிக்னல் வந்திருந்தது. சாலமன்ராஜை அழைத்தாள்.

"தம்பி, அவ என்ன சேல கட்டியிருந்தா?"

அவனுக்குப் பின்னால் பலர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சர்ச் சபைக்காரர்கள். மெதுவான, இழுத்த பாட்டு. ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிப் பாடுவதில்லை.

"பூச முடிஞ்சதும் ஒரு லோடு பாக்கின்னு வேலைக்கு உக்கார வச்சிட்டாக மதினி. பாண்டிலட்சுமிக்கா மாத்துச் சேல தாரேன்னுருக்கு. இவதான் கேக்கல." மூச்சு வாங்கினான். "நேத்தே முடிஞ்சிருச்சு மதினி. நீங்க வந்து மொகத்தப் பாக்கணும்னுதான்... மொகம்..."

பேருந்து கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்ப் பாட்டும் அறுந்தது.

வெளியே மணல் நிறம் இழந்துகொண்டிருந்தது. உள்ளே இன்னும் விளக்குப் போடவில்லை. சக்கரங்களின் இரைச்சலுக்கு அடியில், மிக அருகில், வேறொரு சத்தம்.

சடசட.

உடம்போடு ஒட்டிய துணியைப் பிரிப்பது போல.

சடசட.

பெர்சிஸ் திரும்பவில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. வெள்ளி படிந்த கை. முன்னிருக்கையின் முதுகைத் தடவியது. ஜன்னல் சட்டத்தைத் தடவியது. கைப்பிடி. மறுபடி முன்னிருக்கை. எதையோ தேடியது.

"தகடு எங்கனக்கா? எங்கனயும் காணோமே."

பெர்சிஸ் மடியிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையை விரித்தாள்.

"இங்கன தொடு."

கை நின்றது.

"வேண்டாங்கா. பொறி பட்டுரும்."

கந்தகம்.

"நாள் பூரா கட்டியிருக்கச் சொன்னயே," என்றது குரல். அதில் குறை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "இப்பக் கழட்ட வரலக்கா."

அவள் திரும்பினாள்.

சேலை எங்கே முடிகிறது, தங்கை எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை.

பெர்சிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரித்த உள்ளங்கைக்கு மேலே, தொடாமல், வெள்ளிக் கை நின்றது. இருட்டிவிட்ட பேருந்தில், இரண்டு கைகளுக்கும் நடுவே, சின்னச் சின்ன நீலப் பொறிகள்.

ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.