கட்டி செய்த கொலை

தையல் கடைக்குள் பிணம்!

இஸ்திரி மேஜைக்கு அடியில், வெட்டிப்போட்ட துணித்துண்டுகளின் மேல் கிடந்தார் கடை முதலாளி. தலை பிளந்து ரத்தம். பக்கத்தில் இன்னும் சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டி!

"நான்தான் சார் அடிச்சேன்..." என்றான் இறந்தவரின் தம்பி, இன்ஸ்பெக்டரிடம். "ஏன் அடிச்சேன்னே தெரியல. கை தானாப் போச்சு."

அவனுடைய அண்ணி, மிஷின் ஸ்டூலில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள்... ஆஸ்பத்திரி.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூளையில கட்டி, இன்ஸ்பெக்டர்! கோபத்தை அடக்குற இடத்தையே அழுத்துது. அடிச்சது கை... அடிக்க வெச்சது கட்டி. இவனைக் குத்தவாளின்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப யாரைக் கைது பண்றது? கட்டியையா?"

கட்டிலில் தம்பி கண்களை மூடிக்கொண்டான். முகத்தில்... நிம்மதி!

கதவு படாரென்று திறந்தது.

அண்ணி!

"அவனை விட்டுடுங்க சார்... அடிச்சது நான்!"

"அண்ணி, பேசாதீங்க!" அலறினான் அவன்.

"நீ சும்மா இருடா!... கட்டி இருக்குன்னு போன மாசமே எங்களுக்குத் தெரியும் சார். ஆபரேஷன் பண்ணலாம்னு கெஞ்சினேன். 'போற உசிருக்கு எதுக்கு வைத்தியம்'னாரு என் வீட்டுக்காரர். இவன் எதிர்த்துப் பேசினான். கழுத்தைப் புடிச்சிட்டாரு. இவனுக்குக் கண்ணு செருகுது சார்... பெட்டி என் கையில இருந்துச்சு."

"ஆத்திரத்துல, உங்களை அறியாம..." என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார். அறிஞ்சுதான் அடிச்சேன்." குரல் உடைந்தது. "இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்... அவரைக் கொன்னது ஏதோ ஒரு கட்டின்னு சொல்லிட்டு, நான் எப்படி சார் அழறது?"



"கட்டி மேல பழியைப் போட்டா, யாருமே ஜெயிலுக்குப் போக வேணாமேன்னு..." தம்பி விம்மினான். "நானா எடுத்த முடிவு அண்ணி."

அவன் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் முடியற வரைக்கும்... இவன்கூட இருக்கலாமா சார்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருங்கம்மா" என்றார்.

"இவ்வளவு யோசிச்சு, நம்மளையே ஏமாத்தியிருக்கானே!" டாக்டர் ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்தார்.

"ஆமா. ஏமாந்தது நம்ம மூளைதான், டாக்டர்... அடுத்த ஸ்கேன் நமக்கு எடுங்க!"