மாடிப்படிக் கேமரா

எண்டரைத் தட்டுவதற்கு முன்பே கேமரா திரும்பிவிட்டது.

சின்னவள் விரலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திரையின் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டத்தில் அவள் அடித்த கட்டளை பாதியில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம், ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்கா வீட்டு ஹால். சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா, யாரோ முகவாயைப் பிடித்துத் திருப்புவதுபோல மெல்ல நகர்ந்து மாடிப்படியைப் பார்த்து நின்றது. அவள் அடிக்க இருந்த கட்டளையும் அதுதான்.

"லைன் மந்தமா இருக்கு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லைன் மந்தமாக இருந்தால் கட்டளை தாமதமாகப் போகும், முந்திக்கொண்டு போகாது. அது அவளுக்குத் தெரியாததா? ஒரு கம்பெனியின் சர்வர்களை, எங்கேயோ பூட்டிய அறையில் உறுமிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை, நேரில் ஒருநாள்கூடப் பார்க்காமல் இந்தக் கறுப்புத் திரை வழியாகவே கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. பட்டன் கிடையாது, படம் கிடையாது. ஒரு வரி அடித்தால் எங்கோ ஒன்று எழுந்து சொன்னதைச் செய்யும்.

அக்கா வீட்டில் அந்தக் கேமராக்களை மாட்டியவளும் அவள்தான். "திருட்டு பயம் ஜாஸ்தியா இருக்கும்மா, நீயே வந்து மாட்டிக் குடேன்" என்று அத்தான் கேட்டபோது ஏணியில் ஏறி, ஒயர் இழுத்து, பாஸ்வேர்டு வைத்து, பெரியவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள். அது திருடனுக்காக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆபீசில் உட்கார்ந்தபடி அத்தான் போனில் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரியவள் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றால் போன் அடிக்கும். "அங்க என்ன வேடிக்கை?" துணி மடிக்கும்போது முகத்தில் சிரிப்பு வந்தால் போன் அடிக்கும். "எதை நெனச்சுச் சிரிச்ச?" கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. தங்கையிடம் பேசுவதென்றால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாள் பெரியவள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் முங்கி முங்கி எழும்.

அப்படியே ஒரு மதியம் மாடிப்படியில் கால் இடறி விழுந்து, கழுத்து முறிந்து செத்துப்போனாள். அத்தான் அப்படித்தான் சொன்னார். போலீசும் அதையே எழுதிக்கொண்டு போனது. வீட்டுக்குள் ஈ பறந்தாலும் பதிவு வைத்திருந்த மனிதரிடம் அந்த மதியத்தின் பதிவு மட்டும் இல்லை.

சின்னவள் அன்றைக்கு அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அத்தானுக்கு மறு கல்யாணம் பேசியாயிற்று என்று அம்மா போனில் சொன்னபோதுதான் அந்தப் பல் கடி விட்டது.

"போனவ போயிட்டா. அவரும் எத்தனை நாளைக்குத் தனியா இருப்பாரு? பொண்ணு ரொம்ப சாதுவாம். அடிச்சாக்கூட வாயைத் திறக்க மாட்டாளாம்."

"அதான் தேடிப் பிடிச்சிருக்காரும்மா" என்று போனை வைத்தாள். வைத்த கையோடு பழைய பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தாள். மனிதர் அதை மாற்றவே இல்லை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தாள். அத்தான் சாப்பிட உட்கார்ந்தால் கேமராவை அவர் பக்கம் திருப்புவாள். நிமிர்ந்து பார்த்தால் நிறுத்திவிடுவாள். அவர் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனால் அங்கே இருக்கும் கேமரா அவருக்கு முன்பே வாசற்படியைப் பார்த்துக் காத்திருக்கும். பிறகு குரல். பெரியவள் எப்போதோ அனுப்பிய குரல் செய்தி ஒன்றில், பேச்சின் நடுவே புருஷனைக் கூப்பிடும் இடம் வரும். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்தாள். அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேலே கேமராவின் குட்டி ஸ்பீக்கரில் அதை மெதுவாக ஒலிக்கவிட்டாள்.

"ஏங்க..."

தட்டு கீழே விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்ற அத்தானின் முகத்தைப் பார்த்தபோது சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ மாட்டிக் குடுத்த கேமராவுல ஏதோ கோளாறு. தானா திரும்புது."

"காத்துக்கு ஆடும் அத்தான்."

"ஹாலுக்குள்ள ஏதும்மா காத்து?" குரலைத் தணித்துக்கொண்டார். "சத்தம் வேற வருது."

"என்ன சத்தம்?"

"கழட்டிப் போட்டுரலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"கழட்டிட்டா வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு எப்படித் தெரியும் அத்தான்?"

போனை வைத்துவிட்டார். கழற்றவில்லை. பார்க்காமல் இருக்க அவரால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு, அடுத்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வாயால் கக்கிவிடுவார், அதைப் பதிவு செய்து நேராகப் போலீசில் கொடுத்துவிடலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அந்தக் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேமரா தானாகத் திரும்பியது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மதியத்தையே மழை இருட்டாக்கியிருந்தது. அறையின் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தபடி இருக்க, ஈரச் சுவரின் வாசனையும் சூடேறிய லேப்டாப்பின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. சின்னவள் பாதியில் நின்ற கட்டளையை அழித்துவிட்டு, வீட்டுக் கேமராக்களுக்குள் இப்போது யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று கறுப்புத் திரையில் கேட்டாள். அவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. அதில் பெயர் இல்லை. எங்கிருந்து என்ற இடத்தில், வெளியூர் முகவரியோ அத்தானின் போன் முகவரியோ இருக்க வேண்டிய இடத்தில், அந்தக் கேமராவின் முகவரியே இருந்தது. வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. உள்ளேயே ஒருவர் இருக்கிறார்.

யாராவது விளையாடுகிறார்களா? அந்த இணைப்பைப் பிடித்து வெளியே தள்ளும் கட்டளையை அடித்தாள். எண்டர்.

மாடிப்படிக்கு மேலே இருந்த இன்னொரு கேமராவின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"தள்ளாதீங்க."

பெரியவளின் குரல். சின்னவள் வெட்டி வைத்த துண்டில் இல்லாத சொல். எந்தச் செய்தியிலும் பெரியவள் சொல்லாத சொல். மூச்சிரைக்க, கெஞ்சி, பாதியில் அறுந்த சொல்.

சின்னவளின் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகி மடியில் விழுந்தது. சோபாவிலிருந்து எழுந்த அத்தான் படத்துக்குள் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஏணியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். மேலே மாட்டியிருந்த கேமராவை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி, சுவர்ப் பூச்சோடு பிய்த்தெடுத்துத் தரையில் அடித்தார். ஹால் கேமராவில் எல்லாம் தெரிந்தது. அறுந்த ஒயர் சுவரில் தொங்கி ஆடியது. கேமரா அவர் காலடியில் சில்லு சில்லாகக் கிடந்தது.

மாடிப்படிக் கேமராவின் படம் மட்டும் நிற்கவில்லை.

அதே உயரம். அதே கோணம். கேமரா இல்லாத இடத்திலிருந்து படம் வந்துகொண்டே இருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அத்தானின் வழுக்கை. மேலே போகும் படிகள். கடைசிப் படியில், முதலில் வெறும் நிழலென்று அவள் நினைத்த ஒன்று.

சேலைக் கரை. பாதம். கலைந்த கூந்தல்.

முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அத்தானும் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நான் வேணும்னு பண்ணலை" என்றார். "கை பட்டுருச்சு... நீ போன் பேசிக்கிட்டே இருந்தியா, ஆத்திரம் வந்துருச்சு... நான்தான் தள்ளினேன். நான்தான். விட்டுடு. உன் கால்ல விழறேன், விட்டுடு."

சின்னவள் காத்திருந்த வார்த்தை இதுதான். பதிவாகிக்கொண்டும் இருந்தது. போதும் என்று தோன்றியது. ஜெயிலுக்குப் போகட்டும், உயிரோடு கிடந்து அழுகட்டும். மேலே நின்றவளுக்கு அது போதவில்லை. கூந்தல் அசைந்தது.

மைக்கைத் திறந்து சின்னவள் கத்தினாள். "அத்தான், வெளிய ஓடுங்க! நான்தான் பேசறேன். வெளிய ஓடுங்க!"

ஒரு நொடி கழித்து அந்த வீட்டில் அவள் குரல் ஒலித்தது. அவள் குரலாக இல்லை, பெரியவளின் குரலாக.

"ஏங்க, மேல வாங்க."

"அத்தான், போகாதீங்க!"

"வாங்க."

அத்தான் எழுந்தார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். சின்னவள் மைக்கை மூடினாள். மூடிய பிறகும் குரல் போய்க்கொண்டிருந்தது. வாங்க. வாங்க. அவர் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே வந்து நின்றார்.

பெரியவள் அவரைத் தொடவில்லை. திரும்பினாள். அவ்வளவுதான்.

அந்த முகம் படத்தில் விழவில்லை. அத்தானின் முகம் விழுந்தது. வாய் திறந்தது. கால் பின்னால் போனது. பின்னால் படி கிடைக்கவில்லை.

படத்தில் அவர் கீழே கிடந்தார். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படியாக.

பெரியவள் நிதானமாக இறங்கி வந்தாள். அவரைத் தாண்டும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். ஹால் கேமரா அவள் பின்னாலேயே திரும்பியது. வாசல் கேமராவில் கதவு திறந்தது. கேட் திறந்தது. மழைக்குள் இறங்கி, யாரைக் கேட்டும் போக வேண்டியதில்லை என்பதுபோலக் கைகளை வீசிக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பாமல் தெருக்கோடியில் மறைந்தாள்.

"போக்கா" என்றாள் சின்னவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "போ. போய்க்கிட்டே இரு." உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இன்னொரு முறை கேட்டாள். அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது.

அது முழுக்க வருவதற்குள் இன்னொரு வரி ஏறியது.

உள்ளேயிருந்து.

ஹால் கேமரா மாடிப்படிப் பக்கம் திரும்பியது. படியடியில் கிடந்தவரின் கை தரையைத் தடவியது. தலை எழும்பவில்லை, முதுகுப்பக்கம் மடிந்து தொங்கியது. உடம்பு மட்டும் எழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டது. வந்தது.

சின்னவள் வெளியேறும் கட்டளையை அடித்தாள். வெளியேறவில்லை. நெட் ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். ஹால் படத்தில் அந்த முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலைகீழான வாய். தலைகீழான மூக்கு. பிறகு கண் மட்டும். திரை முழுக்க ஒரே கண்.

கண் இடப்பக்கம் போனது. அங்கே அவளுடைய அலமாரி.

வலப்பக்கம் போனது. அவள் கட்டில்.

பிறகு நேராக வந்தது. பிடுங்கிய ஒயரைக் கையில் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருக்க, அந்தக் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. இமைக்கவில்லை.