ஐந்தில் ஒரு பங்கு வலி

பெல்லார்மினின் விலா எலும்பில் விரிசல் விழுந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அலறியவர்கள் அவனுக்கு முன்னால் நின்ற ஐந்து பேர். வலிபகிர்வி அவர்களுக்குப் புதிதாக இருந்த காலம் அது. போகப்போக அலறாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்தக் கருவி முதலில் பிரசவ அறைக்குத்தான் வந்தது. பிடரியில் ஒட்டிக்கொள்ளும், புளியங்கொட்டை அளவே இருக்கும் சில்லு. மனைவியின் வலியில் பாதியைக் கணவனுக்கு அனுப்பும். கணவன்மார் வரிசையாக மயங்கி விழுந்ததில் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட வேண்டியதாயிற்று. அப்புறம் வசதியுள்ளவர்கள் விழித்துக்கொண்டார்கள். பல் பிடுங்கும் வலிக்கு ஓர் ஆள், மூட்டுவலிக்கு ஓர் ஆள் என்று சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழி அந்த வருடத்தோடு செத்துப்போனது.

அதை அரண்பந்து மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் தூத்துக்குடி அணியின் பயிற்சியாளர் கோமதிநாயகம். அரண்பந்தில் எறிவன் ஒருவன். அவன் கையில் பந்து வந்ததும் எதிரணி அவன்மேல் பாயும். அவனுக்கு முன்னால் ஐந்து அரணர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்று தடுப்பார்கள். பந்து போய் விழுவதைத்தான் ஊர் பார்க்கும், அரணர்களை அவர்கள் வீட்டார் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தூத்துக்குடி நான்கு பருவம் தோற்றது அந்த ஐவரால்தான். அரண் உடையும், எறிவன் அடிபடுவான். அடிபட்டவன் அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் பாய்கிறவனைப் பார்ப்பான். அதோடு பருவம் முடிந்தது.

"அரண் உடைஞ்சா வலிக்கிறது வேற ஒருத்தனுக்கு. உங்ககிட்ட உள்ள குறை அது ஒண்ணுதான்," என்றார் கோமதிநாயகம். "இனிமே அவனுக்கு வலிக்காது. உங்களுக்கு வலிக்கும்."

எறிவனின் வலி ஐந்தாகப் பிரிந்து ஐவருக்கும் போனது. மனுஷன் சொன்னது நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பயம் விட்டுப்போன எறிவன் பெல்லார்மின் கடைசி நொடிவரை நின்று நிதானமாக எறிந்தான். ஒவ்வோர் அடியும் தங்கள் எலும்பிலேயே விழுந்ததால் அரணர்கள் வெறிகொண்டு தடுத்தார்கள். தூத்துக்குடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது.

ஐவரில் நடுவில் நிற்பவன் சூசை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கிய உடம்பு. பெல்லார்மின் அவன் தங்கை ஜெனோவாவின் புருஷன். கல்யாணத்தைப் பேசி முடித்தவனே சூசைதான். ஆட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஜெனோவா சொல்வது ஒன்றே ஒன்று: "அண்ணே, அவுகளப் பாத்துக்கோ." அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தங்கை தாலி தன் தோளில் தொங்குவதாகவே நினைத்து விளையாடினான்.

அரணர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, சில்லு வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்தது. ஆட்டத்துக்கு முன் ஒரே உடன்குடிக் கருப்பட்டியை ஐவரும் கடித்து ஆளுக்கொரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை தன் உடம்பு வலிக்கிறது என்று ஒருவன் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பக்கத்தில் நிற்பவன் மனசு தளரும், எதிரணிக்கும் எங்கே இடிப்பது என்று தெரிந்துவிடும். மீறியவனைப் பருவம் முழுக்கப் 'பிள்ளத்தாச்சி' என்று கூப்பிடுவார்கள்.

கருவி வந்தபின் அணியின் டாக்டரம்மா இதில் ஓர் ஓட்டை போட்டார். எறிவனைக் கேட்டுப் பயனில்லை, அவனுக்கு எதுவும் தெரியாது. அதனால் இடைவேளைதோறும் ஐவரையும் கேட்பார். எறிவனின் வலியை மட்டும் சொன்னால் போதும், சொந்த வலியைச் சொல்ல வேண்டாம் என்பது ஏற்பாடு. எது யார் வலி என்று எங்களுக்குத் தெரியாதா என்று அரணர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இறுதி ஆட்டம் மதுரையோடு. இடைவேளைக்குச் சற்று முன் ஒரு மதுரைக்காரன் அரணைப் பிளந்துகொண்டு வந்து பெல்லார்மினின் இடது விலாவுக்குக் கீழே முழங்காலால் இடித்தான். ஐவருக்கும் சுருக்கென்றது, உடனே அடங்கியும் போனது.

"எங்க பட்டது?" டாக்டரம்மா கேட்டார்.

"எடது விலா, டாக்டர். லேசாத்தான்," என்றான் சூசை.

"இப்ப?"

"இல்ல."

மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். உண்மையும் அதுதான்.

வலி பிறகுதான் வந்தது, மெதுவாக. சூசையின் இடத்தோளில் ஒரு கடுகடுப்பு. அரணர்கள் முட்டுவதே இடத்தோள் கொடுத்துத்தான். அது வலிக்காத நாள் அவர்கள் பிழைப்பில் கிடையாது. பாழாய்ப்போன தோள் இன்றைக்குப் பார்த்துத் தொல்லை பண்ணுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

கடைசிச் சுற்றுக்கு முன் டாக்டரம்மா மறுபடி வந்தார். "எதுவும் இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல," என்றான் சூசை. பக்கத்து அரணன் ரெக்சனும் அதற்குத் தலையாட்டினான். "ஒண்ணுமில்ல," என்றான் இன்பன்ட். மீதி இருவரும் கருப்பட்டியை நாக்கால் தள்ளிக்கொண்டு இல்லையென்று கைகாட்டினார்கள்.

பெல்லார்மின் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன மாப்ள, பயமா?" என்றான் சூசை.

"பயம் என்ன மச்சான். கொஞ்சம் குளுருது."

சித்திரை வெயிலில் மைதானமே கொதித்துக்கொண்டிருந்தது. சூசை சிரித்தான். "கப்பு வரப்போவுதுல்லா, அதான். நில்லு, முடிச்சிருவோம்."

கடைசி எறிவுக்கு அரண் அசையவே இல்லை. அப்படி ஒரு தடுப்பை அந்த ஐவர் அதற்கு முன் செய்ததில்லை. பெல்லார்மின் அவசரமே இல்லாமல் எறிந்தான். பந்து எல்லைக்கு அப்பால் ஒரு தூத்துக்குடிக்காரன் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. அரங்கம் எழுந்து ஆடியது. சூசை தரையில் கிடந்த மதுரைக்காரனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தக் கூச்சலுக்குள் தோள் சட்டென்று விட்டுப்போனதை உணர்ந்தான். மாதா புண்ணியம் என்று நினைத்துக்கொண்டான்.

கன்னத்தில் மிச்சமிருந்த கருப்பட்டியைத் துப்பினான். இனிப் பேசலாம்.

"ஏல, இந்தத் தோளு உசுர எடுத்துட்டு. இப்பத்தான் விட்டுச்சு."

"எனக்கும்ணே," என்றான் ரெக்சன். "மண்டைக்குள்ள வரைக்கும் இழுத்துச்சு. இப்ப சுத்தமா இல்ல."

இன்பன்ட் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எந்தத் தோளு?"

"எடது."

"எனக்கும் எடதுதான்."

மற்ற இருவரின் கையும் இடத்தோளில் இருந்தது.

ஐவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெல்லார்மின் எறிந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்திருந்தான். தலை மார்பில் தொங்கியது. முகத்தில் வலியின் சுவடே இல்லை.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்த வலி இடத்தோளில்தான் காட்டுமாம். "ஒருத்தர், ஒரே ஒருத்தர் தோள் வலிக்குதுன்னு வாய் திறந்திருந்தா மத்த நாலு பேரும் திடுக்கிட்டிருப்பீங்களே. சாகிற வலியில அஞ்சுல ஒரு பங்கு. அதைப் போய் மறைச்சிட்டீங்களே," என்று அழுதார்.

விசாரணைக் குழு சில்லைப் பிரித்துப் பார்த்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெனோவா அண்ணனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். கண்ணீர் வற்றிப்போயிருந்தது.

"அண்ணே, அவுகளுக்கு ரொம்ப வலிச்சுச்சா?"

"இல்லம்மா. வேதத்து மேல சத்தியமாச் சொல்லுதேன், அவருக்குக் கொஞ்சங்கூட வலிக்கல."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் ஆறுதல் வந்ததுபோல் இருந்தது. பிறகு அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப யாருக்குண்ணே வலிச்சுச்சு?"

சூசையின் கை தானாக இடத்தோளுக்குப் போனது. அங்கே இப்போது ஒரு வலியும் இல்லை. கொஞ்சமாவது வலித்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.