உச்சுக் கொட்டினால் புரளும்

குறட்டைச் சத்தம் கேட்டு அவளுக்கு விழிப்புத் தட்டியது. இனிமேல் கேட்கவே கூடாத சத்தம். தடித்த திரைச்சீலைக்கு வெளியே நடுப்பகல் வெயில் காய்ந்துகொண்டிருக்க, அறைக்குள் வியர்த்த தலையணையும் மாஸ்க்கின் ரப்பரும் கலந்த மந்தமான வாடை அடித்தது. சுவரோரம் கணவன் மல்லாந்து கிடந்தான். மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் கொஞ்சமும் நகரவில்லை. தலைமாட்டு மேசையில் காற்று இயந்திரம் சீராக இரைந்துகொண்டிருந்தது. ஏதோ கனவு என்று முனகிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

அவன் இரவு பஸ் ஓட்டுகிறவன். அவள் இரவெல்லாம் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கிறவள். இருவருக்கும் பகல்தான் தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கல்யாணமான நாள் முதல் அவன் தொண்டை தின்று தீர்த்தது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தான். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். பனியன் முதுகில் பந்து வைத்துத் தைத்துக் கொடுத்தாள், மகராசன் பந்தின் மேலேயே மல்லாந்தான். பல் டாக்டர் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்க ஒரு கிளிப் செய்து தந்தார், தூக்கத்தில் துப்பினான். கேட்டால் ஒரே பல்லவிதான்.

"அது நான் இல்ல."

குறட்டை விடுகிற எவன் ஒத்துக்கொண்டிருக்கிறான்?

கண் அசந்து பஸ்ஸைப் பாலத்துச் சுவரில் உரசிய பிறகுதான் தூக்கப் பரிசோதனைக்குப் போனான்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பத்தி அப்புறம் யோசிக்கலாம். முதல்ல இந்த மாஸ்க்கைப் போடட்டும். சத்தம் அடங்கிடும்."

மூச்சு நிற்பது அவளுக்குத் தெரியாததா? இப்படியே நின்று தொலையட்டும் என்று எத்தனையோ பகல் வேண்டியிருக்கிறாள். அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

மறுபடியும் குறட்டை. நீளமாக, ஈரமாக. அவள் பிடரியில் வெதுவெதுப்பான காற்று பட்டது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வர, வழக்கம்போல உச்சுக் கொட்டினாள். அவள் உச்சுக் கொட்டினால் அவன் தூக்கத்திலேயே மறுபக்கம் புரண்டுவிடுவான். எந்த வைத்தியத்துக்கும் அடங்காத குறட்டை அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும்.

மெத்தை குலுங்கியது. குறட்டை நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் புரளவில்லை. அதே மல்லாந்த கிடை. கண்கள் திறந்திருந்தன. இருவருக்கும் நடுவே, யாருமே இல்லாத இடத்தில், மெத்தை ஆள் நீளத்துக்குக் குழிந்திருந்தது.

அவன் மாஸ்க்கின் ஓரத்தை மெல்லத் தூக்கினான். காற்று சீறியது.

"அது இப்ப என்னப் பாத்து படுத்திருக்கு," என்று கிசுகிசுத்தான். "உன் உச்சுக்குத்தான் அது புரளும். இன்னொரு தடவ கொட்டு. சீக்கிரம்."

"கொட்டினா என் பக்கம் திரும்புமா?"

"கொட்டு," என்றான் மறுபடி.

குழி ஆழமானது. மாஸ்க் அவன் கையிலிருந்து நழுவி முகத்தில் அறைந்தாற்போல் ஒட்டியது. குழாய் நசுங்கியது. தானாக. அவன் கை சுவரில் அடித்தது. மறுபடி அடித்தது. கண்கள் அவளை விடவில்லை.

ஓர் உச்சு போதும்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி பொய்.

கை விழுந்தது. குதிகால் விரிப்பைத் தேய்த்தது. அதுவும் நின்றது.

இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கிக் கிடந்தாள். உதட்டை இறுக மூடியிருந்தாள்.

யாரும் உச்சுக் கொட்டவில்லை.

மெத்தையின் குழி மெல்ல அசைந்து, அவள் பக்கமாகப் புரண்டது.