உறையக் கூடாத பெட்டி

"பெட்டியில இன்னாங்க... மீனா?"

வெட்டிப் போட்ட புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவனைச் செந்தமிழ்ச்செல்வி முறைத்தாள். எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். கச்சிராயபாளையத்தோடு அவள் வந்த பஸ் நின்றுவிட்டது. தூறல் வேறு.

"பன்னிக் காது."

"கொழம்புக்கா?"

"பரிசோதனைக்கு. மரத்த வெட்டுனது நீங்கதானே? நகத்துங்க, நான் போறேன்."

அவன் சிரித்தான். மழை கோத்த இமைகள்... திட்ட எடுத்த வார்த்தை அவளுக்கு எங்கோ தொலைந்தது.

பெயர் சிவசங்கர் என்றான். கேட்டதற்கெல்லாம் அவளும் சொன்னாள். பூச்சிமருந்து தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்று அளப்பது அவள் வேலை. பன்றிக் காதின் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கம். கண்ணாடிக் குப்பியின் நடுவே அதைத் தடுப்பு மாதிரிக் கட்டி, மேலே மருந்து, கீழே தண்ணீர்... தண்ணீரில் வந்து சேர்வதை அளக்க வேண்டும். கீழே சமவெளியில் பன்றியை முடி போக வைக்கோலில் பொசுக்கிவிடுவார்கள், பொசுக்கிய தோல் உதவாது. அதனால்தான் கரியாலூர் மலை வரை போய்ச் சுடாத காதாகக் கேட்டு வாங்கி வருகிறாள்.

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"எங்கண்ணன் பழனி பருத்திக்கு மருந்தடிச்சிக்கினு இருந்தான். டேங்க் ஒழுவி முதுகெல்லாம் நனைஞ்சி... சாயங்காலமே செத்துட்டான். நெலத்துக்காரரு, 'அவனே மருந்தக் குடிச்சிட்டான், தோல் வழியா போவாது'ன்றாரு. மறியல் முடிஞ்சி வர்ற திங்கக்கெழம விசாரணை."

"அந்த விசாரணைக்குத்தாங்க என் அறிக்கையக் கேட்டிருக்காங்க."

அவன் திரும்பித் தான் வெட்டிய மரத்தைப் பார்த்தான்.

பெட்டியில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. "மருந்துக்கடை பிரிட்ஜ்ல, கீழ்த்தட்டுல வைங்க. சில்லுன்னு இருந்தாப் போதும்" என்றாள். அவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அந்த ஊர்ப் பள்ளி டீச்சர் கமலா வீட்டில் அவள் தங்கினாள். காலையும் மாலையும் வாசலில் அவன் குரல்...

"பன்னிக் காது சௌக்கியம்ங்க."

"என்ன விசாரிச்சிச்சா?"

"அது விசாரிக்கல. நான்தான் விசாரிக்க வந்தேன்."

வழி திறந்த அன்று பெட்டியைக் கொண்டுவந்து பெருமையாக வைத்தான். திறந்தாள். தோல்கள் ஒன்றோடொன்று ஓடு போல மோதின.

"கடையில கரண்டு போய்ப்போய் வருது. கெட்டுடப் போவுதேன்னு ஐஸ் கம்பெனியில ஐஸ் கட்டற உப்புத் தண்ணித் தொட்டியில எறக்கிட்டேன். கல்லாட்டம் இருக்குது பாருங்க."

அவள் ஒரு தோலை எடுத்து வளைத்துப் பார்த்தாள். உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். "தோலோட மேல்படலம் செங்கல் சுவர் மாதிரி. இடையில கொழுப்புதான் சாந்து. உறைஞ்சா உள்ள இருக்கிற ஈரம் ஊசி ஊசியா பனியாகி அந்தச் சுவரக் கீறிடும். உருகினா பாக்க அப்படியேதான் இருக்கும். ஆனா மருந்து ஜாஸ்தி எறங்கும்."

"ஜாஸ்தி எறங்குனா நமக்கு நல்லதுதானே?"

"அது பொய் ஜாஸ்திங்க."

"நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்..."

"தோல எப்படி வெச்சிருந்தீங்கன்னுதான் நெலத்துக்காரரோட வக்கீல் முதல்ல கேப்பாரு. ஒரு பொய் மாட்டுனா, பின்னால நெஜமா அளந்தாலும் எவன் நம்புவான்? மருந்தடிக்கிற அத்தன பேருக்கும் அதே கதிதான்."

"செத்தது உங்கண்ணன் இல்லல்ல." அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மலையில் அடுத்துப் பன்றி வெட்டுவது ஞாயிற்றுக்கிழமை. சோதனைக்கே ஒரு நாள் பிடிக்கும், திங்கள் விசாரணைக்குள் முடியாது. தோல் உறைந்துவிட்டதால் அளக்க இயலவில்லை என்று உண்மையை எழுதிக் கொடுத்தாள். 'விஷம் அருந்திச் சாவு' என்று விசாரணை முடிந்தது.

அடுத்த மாதம் அவன் பருத்திக்காட்டு வரப்பில் வந்து நின்றாள்.

"புதுத் தோல்ல அளந்தேன். அதுலயும் உள்ள போவுது. உங்கண்ணன் குடிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆனா... முடிஞ்சத திரும்ப எடுக்கமாட்டாங்களாம்."

"பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"உங்களப் பிடிச்சிருக்கு. அதச் சொல்ல."

அவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"புள்ள வெஷம் குடிச்சான்னு ஊரு பேசறத எங்கம்மா தெனம் கேட்டுக்கினு இருக்காங்க. அது பொய்னு காட்ட இருந்த தோல ஒறைய வெச்சவன் நான்னு இன்னும் சொல்லல. உங்கள வூட்டுக்குக் கூட்டிக்கினு போனா சொல்லியாவணும்."

"நான் கூட நிக்கிறேன்."

"வாணாங்க." அவன் கண்கள் நிறைந்தன. "எனக்கும் உங்களத்தான் பிடிச்சிருக்கு... இனிமே வராதீங்க."